கேட்டது தலை எண்ணிக்கை, எடுத்துட்டுப் போனது மருந்துச் சீட்டு

என் ஆப்புக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் வர்றாங்க, எந்தப் பக்கத்தைப் பாக்குறாங்க. எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். யார் வந்தாங்க, போன வாரம் என்ன பண்ணாங்க, இங்கிருந்து எங்க போனாங்க, எதுவும் வேண்டாம். வாசல்ல நின்னு தலையை எண்ணுற வேலை. இதுக்கு மூணு வாரம் போச்சு. அதைவிட, அந்த மூணு வாரத்துல என் பயனர்களுக்கு நடந்ததை நினைச்சாதான் வயிறு எரியுது.

ஆப் சின்னதுதான். எந்த மருந்தை எப்போ சாப்பிட்டோம்னு குறிச்சு வெச்சுக்கறதுக்கு. சிங்கிள் பேஜ் ஆப். ஒரு தடவை லோட் ஆச்சுன்னா மத்ததெல்லாம் பிரவுசருக்குள்ளேயே நடக்கும். மருந்து விஷயம்ங்கறதால விளம்பரக் கம்பெனிகளோட அனலிட்டிக்ஸ் (வர்றவங்களை எண்ணுற சேவை) உள்ளே வரவே கூடாதுன்னு ஆரம்பத்துலேயே முடிவு பண்ணிட்டேன். தேடிப் பிடிச்சு, காசு கட்டி, தனியுரிமையை மதிக்கிறோம், குக்கியே (ஆளை அடையாளம் வெச்சுக்க பிரவுசர்ல எழுதுற சின்னக் குறிப்பு) கிடையாதுன்னு சொல்ற ஒரு சேவையைச் சேர்த்தேன். ஒரே ஒரு வரி ஸ்கிரிப்டை ஒட்டினா போதும்னு முகப்புலேயே கொட்டை எழுத்துல போட்டிருந்தாங்க.

ஒட்டினேன். முதல் வாரக் கணக்குப்படி, வந்த எல்லாரும் முதல் பக்கத்தோட திரும்பிப் போயிட்டாங்களாம். நாட்காட்டிப் பக்கத்தை ஒருத்தர்கூடத் திறக்கலையாம். ஆனா டேட்டாபேஸ்ல தினமும் புதுப் பதிவு ஏறிட்டே இருக்கு! நாட்காட்டியைத் திறக்காம அதுல எப்படிங்க எழுதுவாங்க?

காரணம் ரொம்ப அடிப்படையானது. இந்த மாதிரி ஆப்ல பக்கம் மாறும்போது பிரவுசர் எதையும் புதுசா லோட் பண்றதில்ல. ஆப்புக்குள்ள பக்கம் மாத்துற ரௌட்டர், பிரவுசரோட புஷ்ஸ்டேட்ங்கற கட்டளையைக் கூப்பிட்டு முகவரியை மட்டும் மாத்துது. அப்போ பிரவுசர் தர்ற பாப்ஸ்டேட்ங்கற அறிவிப்பும் வராது. பயனர் பின்னே, முன்னே பட்டனை அமுக்கினாதான் அது வரும். அதனால லோடை மட்டும் எண்ணுற ஸ்கிரிப்டுக்கு முதல் பக்கத்தைத் தாண்டி ஒண்ணுமே தெரியாது. இந்த வசதி பிரவுசருக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னுமா இதைத் தனிக் கேஸாப் பாத்து, உதவிப் பக்கத்தோட அடியில ஒரு ஓரமா எழுதி வைப்பாங்க?

சரின்னு சிங்கிள் பேஜ் ஆப்புக்குன்னு இருக்கிற வேற ஸ்கிரிப்டைப் போட்டேன். அது புஷ்ஸ்டேட், இருக்கிற முகவரியையே மாத்தி எழுதுற ரீப்ளேஸ்ஸ்டேட், ரெண்டையும் இடைமறிச்சு எண்ணும். உடனே முதல் பக்கம் ரெண்டு ரெண்டா விழுந்துச்சு: லோடுக்கு ஒண்ணு, ரௌட்டர் முதல் தடவை ஓடினதுக்கு ஒண்ணு. தலைப்பு மாறுறதுக்கு முன்னாடியே கணக்கு போயிடுறதால, புது முகவரிக்குப் பழைய பக்கத்தோட தலைப்பு. எங்கிருந்து வந்தாங்கன்னு சொல்ற ரெஃபரர், உள்ளே பக்கம் மாறினாலும் மாறாது. அதனால ஒருத்தர் பத்துப் பக்கம் பாத்தா, பத்துமே தேடுபொறியிலிருந்து வந்ததாக் கணக்கு. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கிட்டேன்.

ஒரு நாள் தேடல் பக்கத்தோட எண்ணிக்கை மட்டும் திடீர்னு எகிறுச்சு. என்னடா இதுன்னு பிரவுசர் என்னென்ன வெளியே அனுப்புதுன்னு காட்டுற நெட்வொர்க் டேபைத் திறந்து பாத்தேன். நெஞ்சு பக்குன்னு ஆயிடுச்சு.

தேடல் பெட்டியில தட்டத் தட்ட, அந்தச் சொல்லை முகவரியில சேர்க்கிற மாதிரி ஆப்பை எழுதியிருக்கேன். லிங்க்கை அப்படியே சேமிச்சு வெச்சுக்கலாமேன்னு. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ரீப்ளேஸ்ஸ்டேட். அந்த ஸ்கிரிப்ட் ஒவ்வொண்ணையும் பேஜ்வியூன்னு எண்ணி, முழு முகவரியையும் தூக்கிட்டுப் போயிருக்கு. கேள்விக்குறிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்ன? மருந்தோட பேரு. மனச்சோர்வுக்குச் சாப்பிடுற மாத்திரை, வலிப்புக்குச் சாப்பிடுற மாத்திரை, வீட்டுல இருக்கிறவங்களுக்கே சொல்லாத மாத்திரை. எழுத்தெழுத்தா வேற ஒருத்தரோட சர்வருக்குப் போய்ச் சேர்ந்திருக்கு.

அதோட நிக்கல. பாஸ்வேர்டை மாத்த அனுப்புற லிங்க்கும் ஆப்புக்குள்ள ஒரு பக்கம்தானே? அதோட டோக்கனும், அதாவது பாஸ்வேர்டை மாத்த விடுற ரகசியச் சாவியும், அப்படியே போயிருக்கு. அந்த டேஷ்போர்டுல 'அதிகம் பார்க்கப்பட்ட பக்கங்கள்'னு ஒரு பட்டியல். அதுல செல்லுபடியாகுற டோக்கனோட ஒரு முகவரி என்னைப் பாத்துக்கிட்டு நிக்குது.

குக்கி இல்லயாம்! குக்கியைத் தூக்கிட்டா ஆச்சா? முகவரி வரி முழுக்க ஒருத்தரோட வாழ்க்கை எழுதியிருக்கும்போது குக்கி எதுக்கு? இன்னும் தோண்டினா, பிரவுசரோட சேமிப்பு இடமான லோக்கல் ஸ்டோரேஜ்ல ஒரு ரேண்டம் எண்ணை எழுதி வெச்சு அதை வெச்சுத்தான் ஆளை அடையாளம் பாக்குது. ஐரோப்பாவுல 2002-ல வந்து 2009-ல திருத்தின இ-பிரைவசி விதியோட 5(3) பிரிவு குக்கிங்கற பேரைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கல. பயனரோட கருவியில தகவலைச் சேமிக்கிறது, அங்க இருக்கிறதைப் படிக்கிறது, ரெண்டையும் பத்தித்தான் அது பேசுது. பேரை மாத்தி அதே வேலையைப் பண்ணிட்டு, சம்மதப் பேனரே தேவையில்லன்னு விளம்பரம் பண்றது பொய்யில்லாம வேற என்ன?

நாணயமாச் செய்யிறவங்களும் இருக்காங்க, அதையும் சொல்லணும். பிளாசிபிள்னு ஒரு அனலிட்டிக்ஸ் சேவை, பயனரோட கருவியில எதையும் எழுதாது. ஐபியையும் (கருவியோட இணைய முகவரி) பிரவுசர் விவரத்தையும் தினம் மாறுற ஒரு சால்ட்டோட (ரேண்டம் சரம்) சேர்த்து ஹாஷ் (அடையாளம் தெரியாத குறியீடு) ஆக்கி, பழைய சால்ட்டை அழிச்சிடுது. அதனால இன்னிக்கு வந்தவரும் நாளைக்கு வர்றவரும் ஒரே ஆளான்னு அவங்களுக்கே தெரியாது. முடியும்னு இருக்கும்போது ஏன் எல்லாரும் செய்யிறதில்லங்கறதுதான் என் கோபம்.

சேவைக்காரங்களுக்கு எழுதினேன். டேஷ்போர்டுல ஃபில்டர் போட்டு மறைச்சுக்கலாம்னு பதில் வந்துச்சு. நான் கேட்டது அனுப்பாம இருக்கிறதுக்கு வழி. இவங்க சொல்றது என் கண்ணுல படாம இருக்கிறதுக்கு வழி.

ஸ்கிரிப்டைப் பிடுங்கிப் போட்டுட்டு நானே எழுதினேன். ரௌட்டர் பக்கம் மாறி முடிஞ்சதும், முகவரிக்குப் பதிலா அந்தப் பாதையோட வடிவத்தை மட்டும், அதாவது எந்த மருந்துன்னு இல்லாம 'மருந்துப் பக்கம்'னு மட்டும், சென்ட்பீக்கன்ங்கற பிரவுசர் கட்டளை வழியா என் சர்வருக்கே அனுப்புறேன். வடிவம் மாறாம கேள்விக்குறிக்கு அப்புறம் இருக்கிறது மட்டும் மாறினா எண்ணுறதே இல்ல. டேபிள்ல மூணே பத்தி: தேதி, பாதை, எண்ணிக்கை. வெப் சர்வரோட ஆக்சஸ் லாக் (வர்ற கோரிக்கைகளோட பதிவேடு) தன் பாட்டுக்கு ஐபியை எழுதிக்கிட்டே இருக்கும்ங்கறது அப்புறம்தான் உறைச்சுது. எண்ணிக்கை வந்து சேர்ற அந்த ஒரு முகவரிக்கு மட்டும் லாக்கை நிறுத்தினேன். தனித்தனி ஆள் எத்தனைன்னு இதுல தெரியாது. தெரியவே வேண்டாம்.

மொத்தம் முப்பது வரிகூட வராது. இதைச் செய்யத்தான் மாசாமாசம் காசு வாங்குறாங்க!

டோக்கன் எல்லாத்தையும் அன்னிக்கு ராத்திரியே செல்லாததாக்கிட்டேன். நடந்ததை மறைக்காம எல்லாப் பயனர்களுக்கும் மெயில் போட்டேன். ஏற்கெனவே போனதை அழிக்கச் சொல்லிச் சேவைக்கு எழுதி இன்னியோட பதினோரு நாள், பதில் இல்ல. டோக்கனைச் செல்லாததாக்கலாம். அந்த மருந்துப் பேர்களை நான் என்ன பண்றது?