பார்டர்தானே!

போன ஆடி மாதம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு வீட்டுக்கு வந்தேன். வெறும் வயிற்றில் சுகர் 114. குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 168. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c 6.2 சதவீதம். "பார்டர்தானே, சுகர் இல்லையே" என்றார் அத்தை. தங்கச்சியும் போனில் அதையேதான் சொன்னாள். எதிர்வீட்டு அக்கா, "எனக்கும் பார்டர்தான், அஞ்சு வருஷமா" என்று பட்டம் வாங்கியவர் மாதிரி சொன்னார். அன்றைக்கு வீட்டில் பாயசம். நானும் ஒரு டம்ளர் குடித்தேன்.

எனக்கு இந்தச் சொல் மேல்தான் கோபம். பார்டர் என்றதும் இந்தப் பக்கம் பத்திரம், அந்தப் பக்கம்தான் ஆபத்து என்று தோன்றிவிடுகிறது. வெறும் வயிற்றில் 125 வரை பார்டர், 126 என்றால் சுகர் என்பது டாக்டர்கள் கணக்குக்காகப் போட்டுக்கொண்ட கோடு. உடம்புக்குள் அப்படி வேலி ஒன்றும் கிடையாது. அந்த எண் 100ஐத் தாண்டும்போதே, சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினைச் சுரக்கிற கணையம் பல வருஷமாக மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "பிரசவ நேரத்துல சுகர் இருந்துச்சா?" இருந்தது, இரண்டாவது பிள்ளைக்கு. "பிள்ளை பிறந்ததும் போயிடும்" என்றார்கள், போய்விட்டது. அதற்கப்புறம் பத்து வருஷம் நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பிரசவம் முடிந்து 4 முதல் 12 வாரத்துக்குள் ஒரு முறையும், பிறகு ஒன்று முதல் மூன்று வருஷத்துக்கு ஒரு முறையும் பார்த்திருக்க வேண்டுமாம். பிள்ளைக்குத் தடுப்பூசித் தேதி ஒன்றைக்கூடத் தவறவிடாத நான்தான் இதைக் கோட்டை விட்டேன்.

சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு செய்த ஆய்வு ஒன்று 2006இல் வெளியானது. என்னைப் போல இரண்டு மணி நேர எண் ஏறி நின்ற 531 பேரை மூன்று வருஷம் கவனித்தார்கள். வழக்கமான அறிவுரையோடு அனுப்பப்பட்டவர்களில் 100க்கு 55 பேருக்குச் சுகர் வந்துவிட்டது. மூன்றே வருஷத்தில்! நடை, சாப்பாடு இரண்டையும் மாற்றியவர்களில் 100க்கு 39 பேருக்கு. சுகருக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களிலும் ஏறக்குறைய அதே அளவுதான். இதில் எனக்குப் பிடித்த செய்தி வேறு. நடந்தவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை, ஆனாலும் பலன் கிடைத்திருக்கிறது. "ஒரு கிலோகூட இறங்கல, நடந்து என்ன பிரயோஜனம்" என்று பாதியில் விட்ட எல்லோருக்கும் இதைச் சொல்ல ஆசை.

அந்த 39 பேரையும் மறக்கக் கூடாது. சொன்னதையெல்லாம் செய்தும் சிலருக்கு வரும். பரம்பரை என்று ஒன்று இருக்கிறது. வந்தவரைப் பார்த்து "வாயைக் கட்டல" என்று ஏசுவது நம் ஊரின் கெட்ட பழக்கம்.

சரி, நான் என்ன மாற்றினேன்? முதலில் மிச்சச் சோறு. பிள்ளைகள் தட்டில் வைத்தது, குக்கர் அடியில் நின்றது என்று கொட்ட மனசில்லாமல் எல்லாம் என் வயிற்றுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. இப்போது அரை டம்ளர் அரிசி குறைத்துப் போடுகிறேன். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என மூன்று வேளையும் அரிசிதான் என்பது எனக்கு நாற்பத்தோரு வயதில்தான் உறைத்தது. இப்போது இரவில் சுண்டலோ முட்டையோ இருக்கும், தோசை ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். மதியம் பொரியல் முதலில், சோறு அப்புறம். இதைத் தனிச் சமையலாகச் செய்திருந்தால் ஒரே வாரத்தில் கைவிட்டிருப்பேன். வீடு முழுக்க இதுதான் சாப்பாடு. முணுமுணுப்பு இருந்தது, அடங்கிவிட்டது.

சிறுதானியத்தை நம்பி ஏமாந்த கதையும் உண்டு. கேழ்வரகுக் கூழைச் சொம்பு நிறையக் குடித்துவிட்டு எண் ஏன் இறங்கவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மாவாக அரைத்துக் கரைத்துக் குடித்தால் அதுவும் வேகமாகத்தான் ரத்தத்தில் ஏறும். நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும் சர்க்கரைதான், சண்டைக்கு வராதீர்கள்.

காலை நடையைப் பற்றி எழுதுகிற ஆண்களிடம் ஒரு வார்த்தை. ஆறு மணிக்குப் பூங்காவில் கைவீசி நடக்க, வீட்டில் வேறு யாரோ டிபன் பாக்ஸ் கட்ட வேண்டியிருக்கிறது. எனக்குக் கிடைத்தது இரவு சாப்பாட்டுக்குப் பின் மொட்டை மாடியில் இருபது நிமிஷம். அது நல்லதாகவே போயிற்று. சாப்பிட்ட கையோடு நடந்தால் கால் தசைகள் சர்க்கரையை நேராக இழுத்துக்கொள்கின்றன, அதற்கு இன்சுலினைக்கூட அதிகம் எதிர்பார்ப்பதில்லை.

எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது 104, 146, சராசரி 5.9. இன்னமும் பார்டர்தான். ஆனால் இறங்கு முகம். டாக்டர் மாத்திரை வேண்டாம் என்றார், ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். எதிர்வீட்டு அக்காவைப் போன வாரம் கையோடு லேபுக்குக் கூட்டிப் போனேன். ஐந்து வருஷத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டை நம்பித்தான் இத்தனை நாள் இருந்திருக்கிறார்.

அத்தைக்கு மூட்டுவலி, நடக்க முடியாது. மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் எத்தனை சுற்று என்று எண்ணுகிறார். நேற்று பதினெட்டு சுற்று நடந்தேன். பதினாறுதான் என்று சாதிக்கிறார்.