பசளைத் தடையும் டொலர் கணக்கும்

இலங்கையில் 2021 மே 6ஆம் திகதி வந்த இரசாயனப் பசளை இறக்குமதித் தடை வர்த்தமானியைப் பற்றி இன்றைக்கும் "நல்ல நோக்கம்தான், அவசரப்பட்டுவிட்டார்கள்" என்கிறார்கள். கோட்டாபய ராஜபக்சவின் 2019 ஜனாதிபதித் தேர்தல் விஞ்ஞாபனத்தில் சேதன விவசாயத்துக்கு மாற 10 வருடம் என்றுதானே போட்டிருந்தது? அந்த 10 வருடத்தை ஒரே போகமாகச் சுருக்கியது டொலர்.

2019 முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டுக் கையிருப்பு, 2021 நவம்பர் முடிவில் 1.6 பில்லியன். வற் வரிக் குறைப்பு, படுத்த சுற்றுலா எல்லாம் தெரிந்த கதை. வாகனத்தையும் மஞ்சளையும் ஏற்கனவே நிறுத்தியாயிற்று. அடுத்து வெட்ட என்ன இருக்கிறது என்று தேடினால், வருடம் சுமார் 260 மில்லியன் டொலருக்கு வரும் பசளை கண்ணில் படாமல் போகுமா?

இனி ஒரு ஏக்கர் வயலில் கணக்குப் போடுவோம். நீர்ப்பாசன நெல்லுக்குச் சுமார் 90 கிலோ யூரியா. அதில் 46 வீதம் நைதரசன், ஆக 41 கிலோ. கூட்டெருவில் நைதரசன் 1.5 வீதம் இருந்தாலே பெரிய காரியம். அப்படியானால் ஏக்கருக்கு 2.7 தொன் வேண்டும். அதுவும் முழுக்க அந்தப் போகத்திலேயே கிடைக்காது. மட்டம் வெடிக்கும்போதும் (பக்கக் கிளைகள் விடும்போது) குடலைப் பருவத்திலும் (கதிர் வெளிவருமுன்) பயிர் கேட்கிற வேகத்துக்குக் கூட்டெரு கொடுக்காது. சரியாக உக்காததைப் போட்டால் இன்னும் மோசம்: மண்ணில் இருக்கிற நைதரசனையும் நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்ள, பயிர் மஞ்சளடித்து நிற்கும். பெரும்போகத்தில் 7 இலட்சம் ஹெக்டேயர் (சுமார் 17 இலட்சம் ஏக்கர்) என்று வைத்தாலே 45 இலட்சம் தொன்னுக்கு மேல். ஐந்து மாதத்தில் யார் செய்வது, எந்த லொறியில் ஏற்றுவது? இந்தக் கணக்கு விவசாயிக்குத் தெரியும். சில இடங்களில் வயலைத் தரிசாகவே விட்டார்கள்.

சீனக் கப்பல் கூத்து தனி. டொலரை மிச்சம் பிடிக்கப் போட்ட தடைக்காக, டொலர் கொடுத்து சீன நிறுவனமொன்றிடம் சேதனப் பசளைக்கு ஓடர். முதல் கப்பலில் 20,000 தொன் வந்தது. மாதிரியில் கேடான பற்றீரியா இருப்பதாகச் சொல்லி இறக்கவில்லை. ஆனாலும் 2022 ஜனவரியில் அந்த நிறுவனத்துக்கு ஏறக்குறைய 7 மில்லியன் டொலர் கட்ட வேண்டிவந்தது.

2021 நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் உலகச் சந்தையில் யூரியா விலை ஒரு வருடத்தில் மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது, இறக்குமதிக்கு எல்.சி. (வங்கிக் கடன் கடிதம்) திறக்க வங்கியில் டொலர் இல்லை. 2020இல் நெல்லுக்கு இலவசமாகக் கொடுத்த யூரியா, 2022 சிறுபோகத்தில் இந்தியக் கடனில் வந்து 50 கிலோ பை 10,000 ரூபாய்க்குப் போனது. இடையில் இந்தியாவிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் அரிசி இறக்கினோம். அதற்கும் டொலர்தான்.