சூப்பானை நிறுத்தும் வாரத்தில் வீட்டில் யார் இருக்கிறார்கள்?

வாயில் வைத்துச் சப்புகிற ரப்பர் நிப்பிளான சூப்பானைக் குழந்தைக்குப் பழக்கியவர் யாராக இருந்தாலும், அதை நிறுத்த வேண்டியவள் தாய் மட்டுமே என்றோர் எழுதாத சட்டம் நம் தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கத்து வீடுகளில் இருக்கிறது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. கணவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்க, மாமியார் நூறு நாள் வேலைக்குக் கிளம்பிவிட, அடுப்பையும் மாட்டையும் பிள்ளையையும் ஒற்றை ஆளாகப் பார்க்கிற பெண் மருந்துக்கடையில் "ஒரு நிப்பிள் கொடுங்க" என்று கேட்டு வாங்கினால், பிள்ளையை இடுப்பில் வாங்கிக்கொள்ள இன்னொருவர் இல்லை என்பதே அதற்குக் காரணம். கல்யாணப் பந்தியில் "இன்னுமா விடல?" என்று அவளைக் கேட்கிறவர்கள், அவள் சாப்பிட்டு இலையை மூடும்வரை அந்தப் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சூப்பானே ஆகாத பொருள் என்று தொடங்குவதும் சரியன்று. சப்புவது குழந்தைக்குக் கருப்பையிலேயே வந்துவிடுகிற பழக்கம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் குழாய் வழிப் பாலிலிருந்து வாய்வழிப் பாலுக்கு மாறுகையில் வெறுமனே சப்பிப் பழகுவது உதவுகிறது என்பதால், மருத்துவமனைகளிலேயே அதைக் கொடுப்பதுண்டு. முதல் ஓராண்டில் தூங்கும் நேரத்தில் சூப்பான் கொடுப்பது, தூக்கத்திலேயே சிசு திடீரென இறந்துபோகும் அபாயத்தைக் குறைக்க உதவும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி கருதுகிறது. உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 1989-இல் வெளியிட்ட தாய்ப்பாலுக்கான பத்துப் படிகளில் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குச் சூப்பான் கூடாது என்றே இருந்தது. 2018-இல் அதைத் திருத்தியபோது, சூப்பானின் பயன்பாட்டையும் ஆபத்தையும் பற்றித் தாய்மாருக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்று மாற்றினார்கள். உலக அமைப்புகளே தடையிலிருந்து பேச்சுக்கு வந்துவிட்ட பிறகு, நம் வீட்டுக் கூடத்தில் மட்டும் ஏன் இன்னும் அதட்டல்?

நிறுத்தத்தான் வேண்டும், அதில் எனக்கு ஐயமில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு தொடர்ந்து சப்பும் குழந்தைகளுக்கு நடுக்காதுத் தொற்று கூடுதலாக வருவது தெரிந்ததே. பால்பற்கள் இருபதும் பெரும்பாலும் இரண்டரை வயதை ஒட்டி முளைத்து முடிந்துவிடும். அதற்குப் பிறகும் நாள் முழுவதும் ரப்பர் வாயில் இருந்தால், பல்லைக் கடித்தாலும் மேல்வரிசையும் கீழ்வரிசையும் முன்புறத்தில் ஒட்டாமல் இடைவெளி விழுகிறது. கடைவாயில் மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உட்புறமாக அமைவதும் உண்டு. மூன்று வயதுக்குள் நிறுத்திவிட்டால் முன்பல் இடைவெளி பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். பல்லைவிட என்னை உறுத்துவது பேச்சுதான். வாயின் ஓரத்தில் எச்சில் ஊறிச் சிவந்த தடிப்போடு, சூப்பானை ஒரு கடைவாய்க்கு ஒதுக்கிவிட்டு, "த்தா... த்தா" என்று தண்ணீர் கேட்கிற குழந்தைக்கு நாம் சொம்பை நீட்டிவிடுகிறோம், அதை எடுத்துவிட்டுச் சொல் என்று காத்திருக்க எவருக்கும் பொறுமை இல்லை.

எப்படி நிறுத்துவது என்று கேட்டால், ஊரே கைவைத்தியத்தோடு வரிசையில் நிற்கிறது. வேப்பெண்ணெய் தடவு, கற்றாழைச் சாற்றில் முக்கு, மிளகாய்த்தூள் தொட்டு வை என்கிறார்கள். மிளகாய்த்தூள் பட்ட கையால் குழந்தை கண்ணைக் கசக்கும் என்பதுகூட அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை. தேன் தொட்டுக் கொடுத்தே பழக்கிவிட்டு, பிறகு வேப்பெண்ணெய் தடவி நிறுத்துகிற வீடுகளும் இருக்கின்றன. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆகாது என்பதையும், அதற்கு மேல் அது பல்லுக்குச் சொத்தை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு" என்பது இவற்றுள் தீங்கு குறைந்த பொய்தான். ஆனால் கையில் சோற்றை வைத்துக்கொண்டு காக்காவைக் கூப்பிட்டுப் பழகிய பிள்ளை, மறுநாளிலிருந்து முற்றத்துக்கு வரவே அஞ்சுவதைக் கண்டிருக்கிறேன் என்பதால், அந்தப் பழியை நான் காக்காவின் மீது போடுவதில்லை.

ஆற்றில் தண்ணீர் பற்றாத ஆண்டில் முறை வைத்து விடுவதில்லையா, அப்படித்தான் இதையும் குறைக்க வேண்டும். முதலில் விளையாட்டு நேரத்தில் எடுத்துவிட்டு, தூங்கவும் காய்ச்சலுக்கும் மட்டும் வைத்துக்கொள்வது. அது பழகிய பிறகு பகல் தூக்கத்தில் எடுப்பது. இரவைக் கடைசியாகத் தொடுவது. ஒரு நேரத்தில் எடுத்துவிட்டால் அந்த நேரத்துக்கு வேறொன்றைக் கொடுத்தாக வேண்டும். தூளியை ஆட்டுவதோ, முதுகைத் தட்டிக் கொடுப்பதோ, கையில் பிடித்துக்கொள்ள அம்மாவின் பழைய நூல் புடவைத் துண்டோ, எதுவானாலும் அதற்கு ஓர் ஆள் உடன் இருக்க வேண்டும். செல்போனை நீட்டுவது மட்டும் வேண்டாம். வாயிலிருந்து எடுத்ததைக் கண்ணில் மாட்டிவிட்டு, சூப்பானை நிறுத்திவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

காலமும் பார்க்க வேண்டும். தம்பியோ தங்கையோ பிறந்த கையோடு, காய்ச்சலோடு, பல் முளைக்கும் வலியோடு இதைத் தொடங்கக் கூடாது. வயல் வேலைக்குப் போகிற குடும்பங்களில் சம்பா, தாளடி நடவு நேரமும் தை அறுவடையும் இதற்கு ஆகாது; தாய் விடியுமுன் எழுந்து போக வேண்டியிருக்கையில் முதல் நாள் இரவெல்லாம் அழுகிற பிள்ளையோடு அவளை விடுவது கொடுமை. அறுவடை முடிந்து, கோடையில், ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன், வேலை ஓய்ந்திருக்கும் மாதங்களே நல்லவை.

இவ்வளவும் செய்த ஒரு வீட்டில், நான்காம் நாள் பிள்ளை புத்தம்புதிய சூப்பானோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தது. தாத்தா அதை வெற்றிலைப் பெட்டியில், சுண்ணாம்பு டப்பிக்குப் பக்கத்தில், துண்டுக் காகிதத்தில் மடித்து வைத்திருந்து, அழுகை பொறுக்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவர் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விடாமல் அழுதால் கிடைக்கும் என்று குழந்தைக்குப் பாடமாகிவிட்ட பிறகு, அடுத்த முறை அழுகை இன்னும் நீளும், அதைத் தாங்க வேண்டியவள் மறுபடியும் தாய்தான்.

இன்னொன்று. கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிடும் வழக்கத்தை, நிறுத்துகிறீர்களோ இல்லையோ, இன்றே விட்டுவிடுங்கள். தூளியில் அந்தக் கயிறு கழுத்தை இறுக்கும். வெடித்துக் கிழிந்த ரப்பரைக் கொடுப்பதும் அப்படித்தான், துண்டு பிய்ந்து தொண்டையில் அடைக்கும். டென்மார்க்கில் குழந்தைகள் தங்கள் சூப்பானை மரத்தில் கட்டி விடைபெறுகிறார்களாம், நாமும் ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டால் என்ன என்று ஒரு தோழி கேட்டாள். படித்துறையில் ஏற்கெனவே கிடக்கிற நெகிழிப்பை போதாதா? பிள்ளை கையாலேயே குப்பைக் கூடையில் போடச் சொன்னால் முடிந்தது.

ஆகவே, அந்த வாரத்தில் மருமகளிடம் ஒரு கேள்வியும் கேட்காதீர்கள். இரவு பத்து மணிக்கு மேல் பிள்ளை அழுதால் மாமனார் எழுந்து வாசலில் தோளில் போட்டு நடக்கட்டும். விடியலில் வாசல் தெளித்துக் கோலம் போடுவதை மாமியார் பார்த்துக்கொள்ளட்டும். சுவரை ஒட்டிய வீட்டுக்காரர்கள், "ஏன் இப்படி அழ விடுறீங்க" என்று கேட்டுக்கொண்டு வராமல், மறுநாள் மதியம் ஒரு மணி நேரம் பிள்ளையைத் தங்கள் வீட்டுக்குத் தூக்கிப் போகட்டும். அந்த ஒரு மணி நேரம் அவள் தூங்கட்டும்.