ரீமேக் என்பது வசைச்சொல் அல்ல

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் நாலு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து கௌபாய் பீபாப் பார்த்தோம். அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் இல்லை, அதை 2021இல் நெட்ஃபிளிக்ஸ் நிஜ நடிகர்களை வைத்து மறுபடி எடுத்தது. மூன்றாவது பகுதியிலேயே நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டோம். "ரீமேக் எல்லாமே குப்பைடா" என்றான் ஒருவன். அதோடு விட்டிருக்கலாம். "மதத்துலயும் இதே கதைதான். யூத மதம் ஒரிஜினல். கிறிஸ்தவம் அதோட ரீமேக். இஸ்லாம் ரீமேக்கோட ரீமேக்" என்றும் சேர்த்துச் சொன்னான்.

எங்களில் ஒருவன் ஐந்து வேளையும் தொழுகிறவன். அவன் பதில் பேசவில்லை. கையிலிருந்த டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகம் இரண்டு நாளாக என்னை விடவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அனிமே. பீபாப் தொடரை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. 1998இல் ஷினிச்சிரோ வதனாபே இயக்கியது, 26 பகுதிகள். ஐந்தாவது பகுதியில் பாழடைந்த தேவாலயம் ஒன்றில் கதாநாயகன் ஸ்பைக்கும் அவன் பழைய கூட்டாளியும் இப்போதைய எதிரியுமான விஷியஸும் மோதுவார்கள். வண்ணக் கண்ணாடி ஜன்னலை உடைத்துக்கொண்டு ஸ்பைக் கீழே விழுவான். சட்டென்று சண்டைச் சத்தம் எல்லாம் அடங்கிப் பாட்டு மட்டும் கேட்கும். அவன் விழுந்துகொண்டே இருக்க, பழைய நினைவுகள் துண்டு துண்டாக வந்து போகும். அதில் ஒரு பெண். அவள் யார், அவனுக்கு என்ன உறவு என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை. அடுத்த காட்சியில் உடம்பெல்லாம் கட்டோடு அவன் கண் விழிக்கிறான். பக்கத்தில் அவனோடு ஒரே விண்கலத்தில் இருக்கும் ஃபே ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருக்கிறாள். சுருதி சேரவில்லை என்று அவளிடமே சொல்லித் தலையணையால் அடி வாங்குகிறான். தலையணைப் பஞ்சு அறை முழுக்கப் பறக்கும்.

அந்தப் பெண்தான் ஜூலியா. அவள் நேரில் வந்து நின்று பேசுவதே கடைசி இரண்டு பகுதிகளில்தான். அதுவரை அவள் ஒரு நினைவு மட்டும். ஸ்பைக்கின் வலி நமக்குப் புரிவதே அந்த வெற்றிடத்தால்தான்.

ரீமேக்கில் அந்த வெற்றிடத்தை நிரப்பிவிட்டார்கள். ஜூலியாவுக்கும் விஷியஸுக்கும் பகுதிக்குப் பகுதி காட்சிகள், விளக்கங்கள், குடும்பச் சண்டைகள். தேவாலயமும் இருக்கிறது, ஜன்னலும் இருக்கிறது, ஸ்பைக் விழவும் செய்கிறான். இசைகூட பழைய தொடருக்கு இசையமைத்த அதே யோகோ கன்னோதான். ஆனால் கடைசியில் ஜூலியாவே அவனைச் சுட்டு விழவைக்கிறாள். சட்டை, தலைமுடி, இசை எல்லாம் பழையதிலிருந்து வந்திருக்கிறது, அந்த மௌனம் மட்டும் வரவில்லை. வெளியான மூன்று வாரத்துக்குள் தொடரை நிறுத்திவிட்டார்கள். தொடக்கத்தில் வரும் சூதாட்ட விடுதிக் காட்சிக்கு மேல் தன்னால் பார்க்க முடியவில்லை என்று வதனாபே பின்னால் ஒரு பேட்டியில் சொன்னார்.

2009இல் வந்த டிராகன்பால் எவல்யூஷனும் இதே ரகம். நான் ரசிகனாக எழுதவில்லை, பணத்துக்காக எழுதினேன் என்று அதன் திரைக்கதை ஆசிரியரே 2016இல் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஆனால், ரீமேக் எல்லாமே குப்பை என்றால் ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்டை என்ன செய்வது? ஹிரோமு அரகாவா 2001இல் மாங்காவாக, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையாக வரைய ஆரம்பித்தார். 2003இல் அனிமே வந்தபோது மூலக்கதை பாதிகூட வரவில்லை. அதனால் ஒரு கட்டத்துக்கு மேல் அவர்களாகவே வேறு கதை அமைத்து 51 பகுதிகளில் முடித்தார்கள். 2009இல் அதே போன்ஸ் ஸ்டுடியோ முதலிலிருந்து மறுபடி எடுத்தது. அதுதான் பிரதர்ஹுட், 64 பகுதிகள், மாங்கா முடிந்ததை ஒட்டியே இதுவும் முடிந்தது. இரண்டில் பிந்தி வந்ததுதான் மூலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது!

அதற்காக 2003 தொடரைத் தள்ளிவிட முடியுமா? என்னால் முடியாது. ஹியூஸ் என்ற ராணுவ அதிகாரி சாவது பிரதர்ஹுட்டில் பத்தாவது பகுதி, பழையதில் இருபத்தைந்தாவது. அதற்குள் அந்த மனுஷன் நம் வீட்டு ஆள் மாதிரி ஆகியிருப்பார். மகள் படத்தைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் நீட்டுகிற அந்த அப்பாவைப் புதைக்கும்போது, பழைய தொடரில்தான் எனக்குத் தொண்டை அடைத்தது. ஆக, முந்தியது எது, மூலத்துக்கு நெருக்கமானது எது, நல்லது எது என்று மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒன்றுக்கான பதில் மற்றதற்குப் பொருந்தாது.

இனி அவன் சொன்ன மத விஷயம். வேதத்தையும் கார்ட்டூனையும் ஒரே தராசில் வைக்கிற எண்ணம் எனக்கில்லை. அந்தத் தராசைக் கொண்டுவந்தவன் அவன். அவனுடைய வரிசையாவது சரியா என்று பார்க்கலாம்.

யூத மதம் ஒரிஜினல் என்றால் எந்த யூத மதம்? எருசலேம் ஆலயம், ஆசாரியர்கள், பலி என்று இருந்த வழிபாடு, கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை இடித்ததோடு நின்றுபோனது. இன்றைக்கு நாம் பார்க்கிற யூத வாழ்க்கையை வடிவமைத்தவர்கள் அதற்குப் பின் வந்த ரபிகள் என்ற யூத மத போதகர்கள். அவர்களுடைய சட்டத் தொகுப்பான மிஷ்னா தொகுக்கப்பட்டது ஏறக்குறைய கி.பி. 200இல். கிறிஸ்தவத்தைப் பரப்பிய அப்போஸ்தலர் பவுல் தன் கடிதங்களை எழுதியது 50களில், ஆலயம் இடிபடாமல் நின்றபோது. அந்தப் பவுலும் யூதர், இயேசுவும் யூதர். அப்படியென்றால் இது அப்பா பிள்ளை கதையா, அண்ணன் தம்பி கதையா? ஒரே வயிற்றில் இரட்டையர் என்று சொல்கிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. பைபிள் கதையில் ரெபெக்காளின் வயிற்றில் ஏசாவும் யாக்கோபும் முட்டிக்கொண்ட மாதிரி.

சமாரியர்களைக் கேட்டால் வரிசையே மாறிவிடும். மோசேயின் ஐந்து நூல்களை மட்டும் வேதமாகக் கொண்ட, இன்றைக்கு ஆயிரம் பேர்கூட இல்லாத சின்னச் சமூகம். தங்கள் புனித மலையான கெரிசீமில் இன்னமும் பஸ்கா பண்டிகைக்கு ஆடு பலியிடுகிறார்கள். தாங்கள்தான் மோசேயின் வழியை மாற்றாமல் காத்தவர்கள், விலகிப் போனது யூதர்கள் என்பது அவர்கள் கட்சி.

இஸ்லாம் கடைசியில் வந்தது என்பது வரலாற்றுக் கணக்கு. நபிகள் மதீனாவுக்குப் போனது 622. ஆனால் புதிதாக ஒன்றைத் தொடங்கியதாக இஸ்லாம் சொல்லிக்கொள்வதில்லை. இப்ராஹீம் நபி யூதருமல்ல, கிறிஸ்தவருமல்ல, இறைவனுக்கு முழுமையாக அடிபணிந்தவர் என்கிறது குர்ஆன் (3:67). பவுலும் கிட்டத்தட்ட இதே வழியில்தான் வாதாடுகிறார்: ஆபிரகாமுக்கு வாக்குத்தத்தம் கிடைத்து 430 வருஷம் கழித்துத்தான் நியாயப்பிரமாணம், அதாவது மோசேயின் சட்டம் வந்தது என்கிறார். அவரவர் கணக்கில் அவரவர் வழிதான் ஆபிரகாம் வரைக்கும் போகிறது. ஏற்பதும் ஏற்காததும் நம் விருப்பம். ரீமேக் என்ற ஒற்றைச் சொல்லில் இதையெல்லாம் அடைக்க முடியாது.

அதற்காக வேர் எவ்வளவு பழையது என்று கேட்கவே கூடாது என்று சொல்லவில்லை. எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும். 1979இல் எருசலேம் பக்கத்தில் கெதெஃப் ஹின்னோம் என்ற இடத்துக் கல்லறைக் குகையில் இரண்டு வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. ஏறக்குறைய கி.மு. 600ஐச் சேர்ந்தவை, பழைய பைபிள் பிரதிகளான சாக்கடல் சுருள்களைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தவை. உடைந்துபோகாமல் விரிக்கவே சில வருஷம் ஆனது. விரித்தபோது சின்னது நாலு சென்டிமீட்டர்கூட இல்லை. அதில் மயிரிழை போலக் கீறியிருந்தது பைபிளின் எண்ணாகமத்தில் இருக்கிற ஆசீர்வாதம். நம் ஊர் பைபிளில் அது இப்படி இருக்கும்: "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்." யாரோ ஒருவர் இதைத் தாயத்து மாதிரி உடம்பில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். அதே வரியை யூதர்களின் ஜெபஆலயத்திலும் பல சர்ச்சுகளிலும் இன்றைக்கும் சொல்லி ஜனங்களை ஆசீர்வதிக்கிறார்கள்.

பழமையைத் தேடுவதென்றால் எனக்கு இதுதான். எதிரில் உட்கார்ந்திருப்பவனைத் தலைகுனிய வைக்க வருஷக் கணக்கை எடுப்பதை என்னால் ஏற்க முடியாது.

நேற்று அந்த வெள்ளித் தகட்டின் படத்தையும் அந்த வரியையும் தொழுகிற நண்பனுக்கு அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது: "நான் ஊருக்குக் கிளம்பும்போது எங்க உம்மாவும் இந்த மாதிரிதான் ஓதித் தலையில ஊதுவாங்க மச்சான்." அப்புறம், வர ஞாயிறு பிரதர்ஹுட் போடலாமா என்று கேட்டிருந்தான். முதலில் 2003ஐப் போடுவோம் என்று எழுதியிருக்கிறேன். மற்ற இரண்டு பேரையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.