பப்பாளிக்குத் தடை, சிகரெட்டுக்கு நாற்காலியா?

எனக்கு இது ஏழாவது மாதம். பப்பாளியைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது. அன்னாசி வேண்டாம், எள்ளுருண்டை வேண்டாம். கிரகணத்தன்று கதவைச் சாத்திக்கொண்டு படு, கத்தியைத் தொடாதே. அந்தி நேரத்தில் தலைவாசலில் நிற்காதே. எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டேன். இத்தனை சொன்ன வாய்களில் ஒரு வாயாவது, "பிள்ளைத்தாச்சி உட்கார்ந்திருக்கு, சிகரெட்டை வெளியே கொண்டு போங்க" என்று ஒரே ஒரு நாள் சொன்னதா?

இன்று ஸ்கேனுக்குப் போயிருந்தோம். வாரக்கணக்குக்குக் குழந்தை எடை கொஞ்சம் கம்மி என்றார் டாக்டர். சாப்பாடு, ரத்த அளவு, சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில், "வீட்ல யாரும் சிகரெட் பிடிப்பாங்களாம்மா?" என்றார். நான் வாயைத் திறக்கும் முன்னே என் கணவர், "இல்ல டாக்டர், எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது" என்கிறார். அவருக்குக் கிடையாதுதான். ஹாலில் டிவிக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு மாமா ஒரு நாளைக்கு ஏழெட்டு ஊதித்தள்ளுகிறாரே, அது எந்தக் கணக்கு? நான்தான் டாக்டரிடம் சொன்னேன். வெளியே வந்ததும் இவர் என்னிடம் கேட்டது, "அப்பாகிட்ட போய் இதை எப்படிச் சொல்றது?"

எப்படியா? வாயால்தான். எனக்குப் பப்பாளியைச் சொன்ன அதே வாயால்.

அத்தை ஒரு படி மேலே. "நான் நாலு பெத்தேன். உங்க மாமா அப்பவும் ஊதிக்கிட்டுத்தான் இருந்தாரு. என்ன கெட்டுப்போச்சு?" என்கிறார். அத்தை, அந்த நாலில் ஒன்று எட்டாம் மாதத்திலேயே வயிற்றுக்குள் அசைவில்லாமல் போனதை நீங்களேதான் எனக்குச் சொன்னீர்கள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. சிகரெட்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். இத்தனை வருடம் கழித்து அதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு ஊர் யாரைக் கேட்டது? "அந்தி நேரத்துல கிணத்தடிக்குப் போனியாமே" என்று உங்களைத்தானே கேட்டது? மாமாவை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

"நீயா பிடிக்கிற? அவருதானே பிடிக்கிறாரு" என்று சமாதானம் சொல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃபில்டர் அவர் வாயில் இருக்கிற பக்கம்தான். எரிகிற முனையிலிருந்து வரும் புகைக்கு ஃபில்டர் ஏது? அந்தப் புகையில் ரசாயனங்கள் மட்டும் 7,000-க்கு மேல். அதில் 70 வாக்கில் புற்றுநோய் உண்டாக்குபவை. கார்பன் மோனாக்சைடு என்று ஒன்று இருக்கிறது. நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஆக்சிஜனுக்கு அங்கே இடம் குறையும். குழந்தைக்கு நான் மூச்சு விட்டுத்தான் ஆக்சிஜன் போக வேண்டும். நிகோட்டின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும், நஞ்சுக்கொடியையும் தாண்டிக் குழந்தையிடம் போகும். கர்ப்பிணியே புகைத்தால் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது, குறைப்பிரசவம், எடை குறைவு, பிறந்த பிறகு தூக்கத்திலேயே திடீர் மரணம் வரை ஆபத்து கூடும். பக்கத்தில் இருப்பவர் விடும் புகையைச் சுவாசித்தாலும் எடை குறைவதற்கும் வயிற்றிலேயே இறப்பதற்கும் ஆபத்து கூடுகிறது. 2.5 கிலோவுக்குக் கீழே பிறந்தால் எடை குறைந்த குழந்தை என்பார்கள். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு கிராமும் பெரிது.

"அதான் ஃபேன் ஓடுதே, ஜன்னல் திறந்திருக்கே." ஃபேன் புகையை எங்கே கொண்டுபோகிறது? ஹாலிலிருந்து என் கட்டிலுக்குத்தான். அமெரிக்க அரசின் தலைமைப் பொது சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரல் 2006-லேயே அறிக்கை விட்டாயிற்று, மற்றவர் விடும் புகையில் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று ஓர் அளவே கிடையாது, காற்றோட்டம் வைத்தாலும் தீராது என்று.

நம் நாட்டில் பெண்கள் எத்தனை பேர் புகைக்கிறார்கள் தெரியுமா? 2016-17-ல் எடுத்த தேசிய அளவிலான புகையிலைக் கணக்கெடுப்பில் 2 சதவீதம். அதே கணக்கெடுப்பில், வீட்டுக்குள்ளேயே அடுத்தவர் புகையைச் சுவாசிக்கும் பெரியவர்கள் 38.7 சதவீதம். 'கர்ப்பிணிகள் புகைபிடிக்காதீர்கள்' என்று எங்களுக்கு அறிவுரை சொல்லி என்ன பிரயோஜனம்? பிடிக்கிறவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

(வளைகாப்புக்கு வந்த ஒரு பெரியம்மா, வெற்றிலையில் ஒரு துளி போயிலை வைத்துப் போட்டால் வாந்தி நிற்கும் என்றார். புகை வராவிட்டாலும் நிகோட்டின் நிகோட்டின்தான், பெரியம்மா. தயவுசெய்து இனி எந்தப் பிள்ளைத்தாச்சிக்கும் இந்த வைத்தியத்தைச் சொல்லாதீர்கள்.)

வீட்டை விட்டு வெளியே வந்தாலாவது தப்பிக்க முடிகிறதா? மதுரை காளவாசலில் காலையில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். நிழல் இருப்பதே கையகல இடம். அதற்குள் மூன்று பேர், டீ கிளாஸும் கையுமாக, மறு கையில் சிகரெட். "அண்ணே, கொஞ்சம் தள்ளி நின்னு பிடிங்களேன்" என்றேன். வயிறு தெரிகிறது, கேட்கவே வேண்டியதில்லை. "ரோடு பொதுதானம்மா. ஒத்துக்கலைன்னா நீங்க தள்ளி நில்லுங்க." பக்கத்தில் நின்ற பத்துப் பேரும் போனைப் பார்த்தார்கள். நான்தான் வெயிலில் போய் நின்றேன்.

இது பஸ் நிறுத்தம் அண்ணே, அதனால்தான் பிடிக்கக் கூடாது. பொது இடத்தில் புகைபிடிக்கக் கூடாது என்று 2003-ல் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் நடப்பில் இருக்கும் விதிகளில் பஸ் நிறுத்தம், ரயில் நிலையம் எல்லாமே பொது இடம் என்று சேர்த்தே எழுதியிருக்கிறது. 200 ரூபாய் வரை அபராதம். அந்த நிறுத்தத்தில் ஒருவர் அபராதம் கட்டி நான் பார்த்ததில்லை. பாக்கெட்டில் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம்தான். அந்தப் படத்தைப் பிரித்துத்தானே என் எதிரில் பற்றவைக்கிறார்கள்!

இதை எழுதும்போதும் ஹாலிலிருந்து தீப்பெட்டி உரசும் சத்தம் கேட்கிறது. எழுந்து போய் அந்த நாற்காலியைத் தூக்கி கேட்டுக்கு வெளியே போடப் போகிறேன். கனமானதைத் தூக்கக் கூடாது என்று அத்தை ஓடி வருவார். அப்போது அவர் மகனையே தூக்கச் சொல்கிறேன். அடுத்த ஸ்கேனுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.