மேடை வேண்டும், ஆனால் சதுப்பின் நடுவில் வேண்டாம்

பாதுகாக்கப்பட்ட நிலம் ஒன்றில் பொதுமக்கள் நின்று காட்டுயிர்களைப் பார்ப்பதற்கென ஒரு மேடை கட்டலாம் என்ற பேச்சு எழுந்தால், மறுப்பவர்கள் முதலில் சொல்வது, அங்கே ஆட்களை வரவழைப்பதே தவறு என்பதுதான். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் வழி அமைக்காத நிலத்துக்கு ஆட்கள் வராமல் இருப்பதில்லை. கால் போன போக்கில் வருகிறார்கள். கரையோரம் பத்து இடங்களில் ஒற்றையடித் தடம் விழுகிறது, நாணல் மிதிபடுகிறது, தரையில் முட்டையிடும் பறவை எந்தப் பக்கமிருந்து ஆள் வருவார் என்று தெரியாமல் நாள் முழுவதும் கூட்டைவிட்டு எழுந்துகொண்டே இருக்கிறது. மனிதர்கள் ஒரே வழியில் வந்து ஒரே இடத்தில் நின்று திரும்பினால் பல உயிரினங்கள் அதற்கு மெல்லப் பழகிக்கொள்ளும். மேடை தேவை என்று நான் சொல்வது அந்தப் பத்துத் தடங்களை ஒன்றாக்குவதற்காகத்தான். அதனால் என் கவலையெல்லாம் அதை எங்கே, எவ்வளவு உயரத்தில், எப்படிக் கட்டுகிறோம் என்பதில் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சதுப்பு நிலத்தில், நீரின் விளிம்பிலேயே நின்ற உயரமான இரும்புக் கோபுரத்தில் விடியலுக்கு முன்பே ஏறி அமர்ந்திருந்தேன். வெளுக்கத் தொடங்கியதும் நாணலுக்குள்ளிருந்து தாழைக்கோழி ஒன்று வாலை வெடுக்வெடுக்கென ஆட்டியபடி வெளியே வந்தது. பின்னால் கரும்பஞ்சு உருண்டைகளைப் போல மூன்று குஞ்சுகள். ஒரு குஞ்சு, தாயின் அலகிலிருந்ததை வாங்கக் கழுத்தை நீட்டிய நேரத்தில், கீழே யாரோ படியில் கால் வைத்தார். இரும்பு அதிர்ந்தது. அவர் இரண்டாவது படியை மிதிப்பதற்குள் நான்கும் நாணலுக்குள் மறைந்துவிட்டன. சற்றுத் தொலைவில் மேய்ந்துகொண்டிருந்த நாமக்கோழிகளும் நடுநீரை நோக்கி விலகிவிட்டன. மேலே வந்த குடும்பத்தினர் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, இங்கே ஒன்றுமே இல்லை என்று சொல்லி இறங்கினார்கள். அவர்கள் சத்தம் போடவே இல்லை. தவறு அந்தப் படியினுடையது, அதைவிட அந்தக் கோபுரம் நின்ற இடத்தினுடையது.

உயரம் கூடினால் அதிகம் தெரியும் என்று நினைத்துவிடுகிறோம். வானத்தைப் பின்னணியாகக் கொண்டு உயரத்தில் அசையும் ஓர் உருவம் கீழே உள்ள எல்லா உயிர்களுக்கும் தெரியும் என்பதை மறந்துவிடுகிறோம். நாணலின் தலைக்கு மேல் பார்வை போகும் அளவுக்குச் சிறிது உயர்ந்து, பின்னால் மரங்களோ ஒரு தடுப்போ இருந்து, மேலே கூரையின் நிழல் விழும் மேடையே போதும். அதைவிட முக்கியம் மேடைக்குப் போகும் பாதை. பீட்டர் ஸ்காட் 1946இல் இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜில் நிறுவிய நீர்ப்பறவைக் காப்பகத்தில், பார்வையாளர்கள் மண்மேடுகளுக்கும் தடுப்புகளுக்கும் பின்னால் நடந்தே, பறவைகளைப் பார்ப்பதற்கான மறைவிடங்களை அடையும்படி வழிகளை அமைத்தார்கள். அதைப் போன்ற ஏற்பாடு ஒன்றுக்குப் பெரிய செலவு தேவையில்லை, ஒரு மண்மேடும் அதன் மேல் அந்நிலத்துக்கே உரிய புதர்களும் இருந்தால் போதும்.

தாழ்ந்த மேடைக்கு இன்னொரு நியாயமும் உண்டு. சக்கர நாற்காலி ஏறும் சரிவுப்பாதை, ஒரு மீட்டர் உயர 12 மீட்டர் நீள வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. ஒன்றரை மீட்டர் உயர மேடைக்கு 18 மீட்டர் சரிவு, இடையில் ஓய்வுத்தளம், இது செய்யக்கூடியதே. 6 மீட்டர் கோபுரத்துக்கு 72 மீட்டர் வேண்டியிருக்கும், அதனால் படிக்கட்டோடு நிறுத்திவிடுவார்கள், முதியவர்களும் நடக்க இயலாதவர்களும் கீழேயே நிற்க நேரும். கைப்பிடியின் மேற்கட்டை வழக்கமாக ஏறக்குறைய 1.1 மீட்டர் உயரத்தில் அமைகிறது. சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் கண்ணும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. அந்த மட்டத்தில் அகலக் கட்டையை வைத்தால் அவர் பார்க்கப்போவது கட்டையை மட்டுமே. அமர்ந்து பார்ப்போருக்கெனச் சில அடி நீளத்துக்காவது தாழ்வான, பாதுகாப்பான பார்வைத் திறப்பு ஒன்று வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.

இடத்தைக் குறிப்பதற்கு முன் அங்கே ஓராண்டு முழுவதும், எல்லாப் பருவங்களிலும், காலையிலும் மாலையிலும் போய் நின்று குறிப்பெடுக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். எந்தக் கரையில் கூடு கட்டுகின்றன, வெள்ளம் எதுவரை ஏறுகிறது, ஆட்கள் அதிகம் வரும் நேரத்தில் சூரியன் பார்வையாளரின் முதுகுப்பக்கம் இருக்கிறதா முகத்துக்கு நேரே இருக்கிறதா என்பதெல்லாம் ஒரு மதிய நேரத்துப் பார்வையில் தெரியாது. தரையில் கூடு வைக்கும் பறவைகள் உள்ள இடத்துக்கு அருகில் மேடையை எழுப்பினால், ஆளில்லாத நேரத்தில் அதன் கைப்பிடி காகங்களுக்கும் கழுகினங்களுக்கும் வேவு பார்க்கும் கிளையாகிவிடும்.

கட்டுமானத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இனப்பெருக்கக் காலத்தில் வேலை நடக்கக் கூடாது. பள்ளம் தோண்டிக் கான்கிரீட் கொட்டுவதைவிட, மண்ணுக்குள் திருகி இறக்கும் இரும்புத் தூண்கள் சதுப்புக்குக் குறைந்த சேதம் செய்பவை. உளுத்துப்போகாமலிருக்க ஆர்சனிக் கலந்த மருந்தேற்றிய மரத்தைத் தவிர்க்க வேண்டும். அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டின் இறுதியோடு பெரும்பாலான வீட்டுப் பயன்பாடுகளிலிருந்து அதை உற்பத்தியாளர்களே விலக்கிக்கொண்டார்கள். அதற்கு மாற்றாக வந்த செம்புச் சத்து மிகுந்த மருந்துகள் சாதாரண இரும்பை அரிப்பவை, ஆகவே ஆணியும் போல்ட்டும் துருப்பிடிக்காத எஃகாகவோ தடிமனாகத் துத்தநாகம் பூசியவையாகவோ இருக்க வேண்டும். கூட்டம் கூடும் தளங்களுக்குப் பொறியாளர்கள் சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிலோ எடையைக் கணக்கில் கொள்வதைச் சிலர் மிகை என்பார்கள்; நீரில் ஏதாவது தலைகாட்டியதும் எல்லோரும் ஒரே பக்கத்துக் கைப்பிடியில் சாய்வதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இரவு விளக்கு எதற்கும் வேண்டாம்.

திறப்பு விழாவுக்குப் பிறகுதான் மழையும் வெயிலும் தம் வேலையைத் தொடங்குகின்றன. மரத்தூண் பெரும்பாலும் மண்ணைத் தொடும் மட்டத்தில்தான் முதலில் உளுக்கும், அது மேலே நிற்பவருக்குத் தெரியாது. ஆண்டுதோறும் கீழே இறங்கித் தூண்களைத் தட்டிப் பார்ப்பவர் யார், போல்ட்டுகளை முடுக்குபவர் யார், பலகை மாற்றப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று எழுதப்படாத திட்ட அறிக்கை எவ்வளவு அழகாக வரையப்பட்டிருந்தாலும், மேடையை மனதார விரும்பும் நான் அதற்கு ஆதரவாகக் கையெழுத்திட மாட்டேன்.