அர்னாலாவைக் கட்டியது யார் என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்

நேற்றைய தொலைக்காட்சி விவாதத்தைப் பார்த்திருப்பீர்கள். போர்க்கப்பல் வேலையைத் தனியார் யார்டுக்கு, அதாவது தனியார் கப்பல் கட்டும் தளத்துக்கு, கொடுப்பதும் நாட்டை அடகு வைப்பதும் ஒன்றுதானாம். கைதட்டல் வேறு!

ஐயா, 2025 ஜூனில் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். அர்னாலா போர்க்கப்பல் எங்கே உருவானது? ஆர்டர் கொல்கத்தாவின் ஜி.ஆர்.எஸ்.இ. என்ற அரசு நிறுவனத்துக்கு. கட்டியது சென்னைக்கு வடக்கே, காட்டுப்பள்ளியில் உள்ள எல் அண்ட் டி என்ற தனியார் நிறுவனத்தின் யார்டில். அரசு யார்டு வழியாக வந்தால் தேசபக்தி, நேராக வந்தால் துரோகமா?

எல்லாவற்றையும் தனியாரிடம் தூக்கிக் கொடு என்று நான் சொல்லவில்லை. நீர்மூழ்கியும் டெஸ்ட்ராயர் என்கிற பெரிய போர்க்கப்பலும் மும்பையின் அரசு யார்டான மசகானிலேயே இருக்கட்டும், அந்தக் கைப்பழக்கம் ஒரே நாளில் வராது. ஆனால் சிறிய கப்பல்களையும் வழக்கமான ரீஃபிட்டையும், அதாவது பழைய கப்பலைப் பழுதுபார்த்துப் புதுப்பிக்கும் வேலையையும், தனியாருக்கும் பிரித்துக் கொடுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

ரிப்பேர் என்றால் என்னவென்று ஸ்டுடியோவில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியுமா? நான் அதில் இருந்தவன். கப்பலின் எண்ணெய், தண்ணீர் டேங்குக்குள் தவழ்ந்து போய் இரும்புப் பிளேட்டின் தடிமனை அளப்போம். காகிதத்தில் நாலு பிளேட் மாற்று என்றிருக்கும். துருவைச் சுரண்டினால் பக்கத்துப் பிளேட்டும் சுத்தியலுக்குப் பொத்துக்கொள்ளும். அதற்கு அனுமதி வரும்வரை கப்பல், ரிப்பேர் நடக்கும் டாக்கை அடைத்துக்கொண்டு நிற்கும், அடுத்த கப்பல் வெளியே காத்திருக்கும். ஓர் அரசு யார்டில் அப்படிச் சும்மா உட்கார்ந்த நாட்களுக்கு எங்களுக்குப் பாதிக் கூலிதான். அதனால்தான் சொல்கிறேன், எல்லாம் ஒரே இடத்தில் தேங்காமல் பிரித்துக் கொடுங்கள்.

ஏ.பி.ஜி. என்ற தனியார் யார்டை இழுப்பீர்கள், தெரியும். 22,842 கோடி ரூபாய் வங்கி மோசடி வழக்கு. பிபாவாவ் என்ற இன்னொரு தனியார் யார்டு 2011இல் ஐந்து ரோந்துக் கப்பல்களுக்கு ஒப்பந்தம் போட்டு ஒன்றைக்கூட ஒப்படைக்கவில்லை. சரி, உண்மைதான். அப்புறம் 2006இல் விசாகப்பட்டினம் அரசு யார்டுக்குள் போன சிந்துகீர்த்தி நீர்மூழ்கி 2015இல்தானே ரீஃபிட் முடிந்து வெளியே வந்தது? அதற்காக அந்த யார்டை மூடச் சொன்னோமா? 2022இல் அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் ட்ரூ கப்பல் ரிப்பேருக்கு வந்தது இதே காட்டுப்பள்ளிக்குத்தான். அவர்கள் நம்பலாம், நாம் நம்பக் கூடாது!

'தனியாருக்கு லாபம்தான் குறி' என்பார்கள். இருக்கட்டுமே. வேலை தொடர்ந்து வராவிட்டால் நல்ல வெல்டர் வளைகுடாவுக்கு விமானம் ஏறிவிடுவான். ஆர்டர் வந்த பிறகு அவனை எங்கே தேடுவது?

இன்னொன்று. அரசு யார்டிலும் சரி, தனியார் யார்டிலும் சரி, டேங்குக்குள் இறங்குகிறவன் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளிதான். இன்று இங்கே, நாளை அங்கே. கேட்டுக்கு வெளியே உள்ள பெயர்ப்பலகையை வைத்து அவனுடைய தேசபக்தியை அளக்க நீங்கள் யார்?